பிரெஞ்சு வரிசையில் நின்றபோது

மாமா எனக்கு முன்னால் நின்றார், அம்மா எனக்குப் பின்னால். ஹாலில் மின்விசிறிகள் சுற்றிக்கொண்டுதான் இருந்தன, காற்று மட்டும் கீழே இறங்கவில்லை. பிளஸ் ஒன்னில் சேர வந்த பிள்ளைகளும் பெற்றவர்களும் வேர்க்க வேர்க்க நின்ற வரிசை வாசலைத் தாண்டி வேப்பமரத்தடி வரைக்கும் போயிருந்தது. அது பிரெஞ்சுக்கான வரிசை.

எதிர்ச் சுவரோரம் இன்னொரு மேஜை. அதில் 'அரபி' என்று கையால் எழுதிய அட்டை ஒட்டியிருந்தது. அதன் பின்னால் தலையில் நீல முக்காடு போட்ட ஒரு டீச்சர். புதிதாக வேலைக்கு வந்தவர் என்பது பார்த்ததுமே தெரிந்தது. மேஜை மேல் இருந்த பேனாவை எடுப்பார், மூடியைத் திறப்பார், மூடுவார், வைப்பார். அவர் முன்னால் ஒரு ஆளும் இல்லை.

பத்தாவது வரைக்கும் எங்களுக்குத் தமிழ். பிளஸ் ஒன்னில் முதல் பாடமாகத் தமிழையே எடுக்கலாம், வேறு மொழிக்கும் மாறலாம். பட்டுக்கோட்டையில் நான் சேர்ந்த அந்தப் பள்ளியில் பிரெஞ்சும் அரபியும் இருந்தன. மாமா ஒரத்தநாட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டில் முக்கியமான முடிவுகளை அவர்தான் எடுப்பார். "தமிழ்ல மார்க் வாங்குறது குதிரைக்கொம்பு. பிரெஞ்சுன்னா நூத்துக்கு நூறு. எல்லாப் பயலும் சும்மாவா நிக்கிறான்?" என்று வீட்டிலேயே சொல்லி முடித்திருந்தார்.

இன்னும் நாலைந்து பேர்தான் இருந்தார்கள். அப்போது அம்மாவின் போன் அடித்தது.

திரையைப் பார்த்ததும் அம்மா, "வெளிநாட்டு நம்பரு. அப்பாவோடது இல்லையே" என்றாள். எடுத்து, "ஹலோ, ஏங்க?" என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. "யாருங்க? அவரு எங்க? அவருகிட்ட குடுங்க... அவருகிட்ட போனக் குடுங்கன்னா!" என்று அவள் போட்ட சத்தத்தில் வரிசையே திரும்பியது. கடைசியில் போனை என் கையில் திணித்தாள். "பாப்பா, எனக்கு ஒண்ணும் புரியல. என்னான்னு கேளு."

காதில் வைத்தேன். ஒரு ஆண் குரல். உரத்த, அவசரமான குரல். அடித்தொண்டையிலிருந்து வந்தது. மூச்சு விடாமல் பேசியது. நடுவில் "முரூகா, முரூகா" என்றது. என் அப்பாவின் பெயர் முருகையன். அவ்வளவுதான் எனக்குப் புரிந்தது. அப்புறம் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொன்னது. அதன் கடைசியில் 'ஃபிஷ்' என்று வந்தது.

கால்கள் தானாக எதிர்ச் சுவரோரம் போயின. நான் அந்த டீச்சரிடம் போனை நீட்டினேன். "டீச்சர், எங்கப்பா வேலை பார்க்கிற ஊர்லேருந்து பேசுறாங்க."

அவர் போனை வாங்கிய விதம் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. சூடான பாத்திரத்தை வாங்குகிற மாதிரி வாங்கினார். ஸலாம் சொன்னார். குரல் நூலாக வந்தது. மறுமுனைக் குரல் கடகடவென்று பேசியது. டீச்சர் ஏதோ கேட்டார். அது இன்னும் வேகமாகப் பேசியது. பிறகு லைன் அறுந்துவிட்டது.

"என்ன டீச்சர் சொன்னாங்க?" அம்மா மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மருத்துவமனைன்னு ஒரு வார்த்தை வந்துச்சுங்க. விபத்துன்னும் சொன்ன மாதிரி இருந்துச்சு."

"உசிரோட இருக்காரா?"

"அதுதாங்க எனக்குப் பிடிபடல. நான் படிச்சது புத்தக அரபி. இவங்க பேசுறது வேற மாதிரி இருக்கு. நான் இதுவரைக்கும் ஒரு அரபிக்காரங்ககூட பேசினதே இல்லைங்கம்மா."

அவருக்கும் எங்களைப் போலவே பயம். மாமா வரிசையை விட்டு வந்துவிட்டார். அந்த இடத்தில் பின்னால் நின்றவர்கள் ஒரு அடி முன்னால் நகர்ந்தார்கள்.

சத்தக்காரர்

புயல் எங்கள் தென்னைகளைச் சாய்த்த கதையை இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். அதற்குப் பிறகுதான் அப்பா வெளிநாடு போனார். அவருடைய அப்பா அடுத்தவர் வயலில் நாற்றுக்கட்டு சுமந்தவர். அப்பா லாரி ஓட்டக் கற்று, கொஞ்சம் நிலம் வாங்கி, தென்னை வைத்தார். காய்ப்புக்கு வந்த சமயத்தில் புயல் வந்தது. புதுக் கன்று காய்க்கிற வரைக்கும் என்று சொல்லிவிட்டு, வளைகுடா நாடு ஒன்றில் பாலைவனத்துப் பண்ணைக்குத் தண்ணீர் லாரி ஓட்டப் போனார்.

அப்பா சத்தமாகப் பேசுகிறவர். ரகசியம் பேச அவருக்கு வராது. தோப்பில் நின்று அம்மாவை "ராஜீ, தண்ணி கொண்டா" என்றால் அடுத்த தெருவில் யாராவது செம்பை எடுப்பார்கள் என்று ஊரில் கேலி செய்வார்கள். லாரி எஞ்சினுக்கு மேல் பேசிப் பேசி வந்த பழக்கம். போனிலும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு. துணி துவைத்துக் காயப்போட்டுவிட்டுக் கூப்பிடுவார். ஸ்பீக்கர் போடவே வேண்டாம்.

"அரபி கத்துக்கிட்டீங்களாப்பா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"எல்லாம் வரும். வா, போ, சீக்கிரம், இல்லை. நம்மகிட்ட அவங்க பேசுறதே அந்த நாலு வார்த்தைதான். அதுக்கு மேல எதுக்கு?" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சத்தம் நின்றுபோன வீட்டுக்குத்தான் நாங்கள் பள்ளியிலிருந்து திரும்பினோம். அப்பாவின் நம்பருக்குப் போட்டால் ஒரு பெண்குரல் முதலில் அரபியில் ஏதோ சொல்லும், பிறகு ஆங்கிலத்தில் தொடர்பு இல்லை என்று சொல்லும். அந்தப் புது நம்பருக்குப் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க ஆளில்லை. ஏஜென்ட்டை மாமா பிடித்தார். "கம்பெனியில லீவுங்க. விசாரிச்சிட்டு சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

மீன்

நான் தப்பாக ஒன்றும் செய்யவில்லை. காதில் விழுந்ததை அம்மாவிடம் சொன்னேன். "ஏதோ ஃபிஷ்னு சொன்னாரும்மா."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "மீனா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப கடலா? லாரி கடல்ல விழுந்துடுச்சா?" என்றாள்.

"பாலைவனத்துல கடல் ஏதும்மா?"

"உனக்கென்ன தெரியும்? கரைமேல ஓட்டிக்கிட்டு வரப்ப..."

பாலைவனம் என்று தெரிந்தும் எனக்கும் அது ஒட்டிக்கொண்டது. கண்ணை மூடினால் தண்ணீருக்குள் லாரியின் முகப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மீன்கள் போகும். பயம் வந்துவிட்டால் மனசுக்கு நிலமும் கடலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

ஊர்ப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஆறுதல் சொல்லத்தான் வந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் வந்தவர்கள் சுவரில் சாய்ந்து, காலை நீட்டி, குரலைத் தாழ்த்தி உட்கார்ந்த விதம் இருக்கிறதே, அது எந்த வீட்டில் உட்காருகிற விதம் என்று எனக்குத் தெரியும். ஒரு அத்தை அம்மாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா அதைக் கவனித்துவிட்டாள். முந்தானையை இழுத்து, கழுத்தைச் சுற்றிப் போர்த்தி, தாலி தெரியாமல் மூடிக்கொண்டாள். அந்த வேக்காட்டில் அன்று முழுக்க அப்படியே இருந்தாள்.

போன் அடித்தால் எனக்குப் பயம். மாமாவாக இருக்கும், பால்காரராக இருக்கும், ஏதாவது கம்பெனிக்காரர்கள் லோன் வேண்டுமா என்று கேட்பார்கள். அடிக்காமல் இருந்தாலும் பயம். அடிக்கிற பயமா அடிக்காத பயமா, எது பெரிது என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது.

இரண்டாவது அழைப்பு

அரபி டீச்சரின் பெயர் நூர்ஜஹான். அன்று பள்ளியிலிருந்து கிளம்பும்போதே தன் நம்பரைக் கொடுத்து, "மறுபடி வந்தா உடனே எனக்குப் போடுங்க" என்று சொல்லியிருந்தார்.

மறுபடி வந்தது ஒரு காலை நேரத்தில். அம்மா நாற்றங்காலுக்குத் தண்ணீர் திருப்பப் போயிருந்தாள். போன் வீட்டில் இருந்தது. அதே நம்பர். எடுத்தேன். அதே குரல்.

டீச்சரையும் அந்த அழைப்பில் சேர்க்கலாம் என்று விரலை எங்கெங்கோ வைத்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை. வேறு வழியில்லாமல், "முருகையன்? முருகையன்?" என்று கத்தினேன்.

"ஐவா! முரூகா! ஐவா, ஐவா!" என்றார் அந்த ஆள். ஐவா என்றால் 'ஆமாம்' என்பது அப்போது எனக்குத் தெரியாது. ஏதோ சந்தோஷப்படுகிற மாதிரி இருந்தது. ஒரு நிமிஷம் என் பயம் கோபமாகிவிட்டது. எங்கள் வீட்டில் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறோம், இவர் யார் சந்தோஷப்பட?

பிறகு போன் எங்கேயோ உரசுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். பேச்சு இல்லை. அடிபட்ட மாடு முனகுமே, அந்த மாதிரி. "ம்ம்ம்... ம்ம்ம்." மூக்கால் வந்த முனகல்.

"யாரு? யாரு அது?" என்றேன். முனகல் பெரிதானது. அந்த ஆள் மேலே ஏதோ சொன்னார். 'ஃபிஷ்' மறுபடி வந்தது. அத்துடன் லைன் போய்விட்டது.

நான் வயலுக்கு ஓடினேன். வரப்பில் வழுக்கி விழுந்து, சேறும் சகதியுமாகப் போய் நின்றேன். அம்மா மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னையே பார்த்தாள். என் வாயிலிருந்து என்ன வரப்போகிறதோ என்று அவள் பார்த்த அந்தப் பார்வைக்குப் பிறகு, முனகல் சத்தத்தைப் பற்றிச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. "அதே ஆளு திரும்ப பேசினாரும்மா. டீச்சர்கிட்ட போவோம்" என்று மட்டும் சொன்னேன்.

மெதுவா பேசுங்க

மாமா ஒரத்தநாட்டிலிருந்து பைக்கில் வந்து சேர்ந்துகொண்டார். பள்ளியில் வகுப்புகள் இன்னும் தொடங்கவில்லை. நூர்ஜஹான் டீச்சர் எங்களை ஒரு காலி வகுப்பறைக்கு அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினார். ஜன்னலுக்கு வெளியே வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்பு வாசனை வந்தது.

"நேத்தெல்லாம் பழசை எடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்றார் டீச்சர். "ஆனாலும் நான் தப்பா புரிஞ்சுக்கிட்டு ஏதாவது சொல்லிட்டா? அதான் பயமா இருக்கு. நான் சொல்றதை வச்சு நீங்க அழவோ சிரிக்கவோ போறீங்க."

"நீங்க சொல்லுங்க டீச்சர். எதுவா இருந்தாலும் சொல்லுங்க. தெரியாமத்தான் இருக்க முடியல" என்றாள் அம்மா.

டீச்சர் அந்த நம்பருக்குப் போட்டார். ரிங் போயிற்று. நின்றது. மறுபடி போட்டார். இந்தத் தடவை எடுத்தார்கள். குரல் பழையபடி பாய ஆரம்பித்தது. டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக, பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஏதோ சொன்னார். அவரை மெதுவாகப் பேசச் சொல்லிக் கேட்டதாகவும், புத்தக அரபிதான் தனக்குத் தெரியும் என்று சொன்னதாகவும் பின்னால் எங்களிடம் சொன்னார்.

மறுமுனையில் ஒரு பெரிய சிரிப்பு. டீச்சரின் முகம் சிவந்துவிட்டது. கீரை வாங்கப் போன இடத்தில் செந்தமிழில் விலை கேட்டால் கீரைக்காரம்மா சிரிக்க மாட்டாரா, அந்தச் சிரிப்புதான் அது. ஆனால் சிரித்து முடித்ததும் அந்த மனிதரும் பேச்சை மாற்றிக்கொண்டார். மெதுவாக, இடைவெளி விட்டு, ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். பள்ளிக்கூடத்தில் எப்போதோ படித்த மொழியை அவரும் தேடி எடுத்திருக்க வேண்டும்.

டீச்சர் கேட்கக் கேட்கச் சொன்னார். "அவர் பேரு ஹசன். எகிப்துக்காரர்... கொத்தனார்... சாரத்திலேருந்து விழுந்து கால் உடைஞ்சிருக்கு... ஆஸ்பத்திரியில இருக்கார்... பக்கத்து... பக்கத்துக் கட்டில்ல..."

அம்மா என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"பக்கத்துக் கட்டில்ல உங்க வீட்டுக்காரர் இருக்கார். லாரி மணல்ல கவிழ்ந்துடுச்சாம். வலது கை முறிஞ்சிருக்கு. தாடை உடைஞ்சு, கம்பி போட்டு வாயைக் கட்டியிருக்காங்க. பேச முடியாது. இடது கையால நம்பரை எழுதிக் காட்டி, இவரைப் போடச் சொல்லியிருக்கார்." டீச்சர் நிறுத்தினார். மறுபடி ஏதோ கேட்டார். பதில் வந்தது. டீச்சரின் கண் நிறைந்துவிட்டது.

"அம்மா, மொத நாள்லேருந்து ஒவ்வொரு தடவையும் போனை ஸ்பீக்கர்ல போட்டு அவர் காதுக்கிட்டதான் வச்சிருக்காராம். அவர் கேட்டுக்கிட்டேதான் இருக்கார். பேசுங்க, பேசுங்கன்னு இவர் சொல்றாராம். நீங்க கத்திட்டே இருந்தீங்களாம்."

கேரளத்து நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரி அந்த ஊரில் உண்டா என்று பின்னால் எங்களைக் கேட்காதவர்கள் இல்லை. இருந்தார். கல்யாணத்துக்கு லீவு போட்டுவிட்டுக் கோட்டயத்துக்குப் போயிருந்தார். எங்கள் நேரம்.

பேசுங்க

டீச்சர் போனை அம்மாவிடம் கொடுத்தார். அன்று "அவருகிட்ட குடுங்க" என்று கத்தியவளுக்கு இப்போது வாய் வரவில்லை. போனைக் காதில் வைத்துக்கொண்டு எங்களையே மாறி மாறிப் பார்த்தாள். "என்னத்த பேசுறது?" என்று மாமாவைக் கேட்டாள்.

"அட, ஏதாவது பேசு ராஜி" என்றார் மாமா.

"ஏங்க... நான்தாங்க."

"ம்ம்."

வகுப்பறையில் எல்லாருக்கும் அது கேட்டது. நான் வீட்டில் கேட்டுப் பயந்த அதே முனகல். அது என் அப்பா. அன்று என்னிடம் பேசத்தான் அப்படி முனகியிருக்கிறார். அவருக்குப் பயந்து நான் வரப்பில் விழுந்து ஓடியிருக்கிறேன்.

"வலிக்குதாங்க?"

"ம்ம்."

"சாப்புடுறீங்களா? கஞ்சி ஏதாச்சும் குடுக்குறாங்களா?"

"ம்ம்."

அப்புறம் அம்மாவுக்குப் பேச்சு வந்துவிட்டது. "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சுங்க. நம்ம மடைக்கு இந்தத் தடவை சீக்கிரமே வந்துச்சு. நாத்து விட்டாச்சு. கிழக்கோரம் சாஞ்சு கிடந்துச்சே தென்ன, அதை நிமித்தி வச்சோமே, பாளை விட்டிருக்குங்க. ஆடு குட்டி போட்டிருக்கு, ரெண்டும் கிடா. பாப்பா நல்ல மார்க்குங்க, நீங்கதான் பாக்கல..." என்று நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். நடுநடுவே "ம்ம்" வந்தது. நூர்ஜஹான் டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். பேசிக்கொண்டிருக்கும்போதே அம்மா முந்தானையைத் தளர்த்தி, கழுத்து வேர்வையைத் துடைத்ததைப் பார்த்தேன்.

எதை எடுப்பது

உயிரோடு இருக்கிறார் என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை. தாடையில் இன்னொரு ஆபரேஷன் உண்டு என்றார்கள். ஊருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று கம்பெனி சொல்லவில்லை. ஹசனின் கால் சரியாகி அவர் டிஸ்சார்ஜ் ஆகிவிட்டால் யார் போனைப் பிடிப்பார்கள்?

இந்த நிலையில்தான் மொழியைச் சொல்லக் கடைசி நாள் வந்தது.

"கண்டம் தாண்டியாச்சு. வா, பிரெஞ்சுல பேரைக் குடுத்துட்டு வருவோம்" என்றார் மாமா.

மாமா சொல்லி அம்மா மறுத்து நான் பார்த்ததில்லை. அன்று மறுத்தாள். "அரபி எடுக்கட்டும்ணே."

"என்ன ராஜி பேசுற? மார்க் போயிடும். நாளைக்கு காலேஜ்ல எவன் சீட்டு குடுப்பான்? ஊர்ல நாலு பேரு நாலு விதமா பேசுவான், ஏன் உன் மருமவ அரபி படிக்குதுன்னு."

"பேசட்டும். அன்னைக்கு அந்த மனுசன் போன்ல தொண்ட கிழிய சொன்னாரு. எங்க வீட்டுல ஒரு சீவனுக்கு புரியலையே. நாளைக்கு மறுபடி யாராச்சும் கூப்புட்டா? ஒருத்தருக்காவது புரியணும்ணே."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். உண்மையில் எனக்குப் பிரெஞ்சுதான் வேண்டியிருந்தது. மார்க்குக்காக இல்லை. அரபிச் சத்தம் கேட்டாலே எனக்கு அந்தப் போன்தான் ஞாபகம் வந்தது. வகுப்பில் தினமும் அதைக் கேட்டுக்கொண்டு எப்படி உட்காருவது? பிரெஞ்சு எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதில் என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கவில்லை. அம்மா பயந்து அரபிக்குத் தள்ளினாள், நான் பயந்து பிரெஞ்சுக்கு ஓடப் பார்த்தேன்.

முடிவு செய்யாமலே பள்ளிக்குப் போனேன். பிரெஞ்சு வரிசையில் இப்போது கூட்டமில்லை, இடமெல்லாம் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. நூர்ஜஹான் டீச்சர் அதே மேஜையில் இருந்தார். அவர் முன்னால் இருந்த தாளில் இரண்டு மூன்று பெயர்கள்தான்.

"அரபி எடுன்னு அம்மா சொல்றாங்க டீச்சர்."

"நீ என்ன சொல்ற?"

"எனக்கு பயமா இருக்கு."

அவர் பேனாவை மூடி வைத்தார். "உன்கிட்ட உண்மையச் சொல்றேன். என் வகுப்புல ஆள் சேரலேன்னா அடுத்த வருஷம் என்னை வச்சுக்க மாட்டாங்க. அதனால உன்னை எடுன்னுதான் நான் சொல்லணும். ஆனா பயந்துக்கிட்டு எடுக்காதம்மா. ரெண்டு வருஷம் படிக்கணும். உனக்கே கேக்கணும்னு தோணினா எடு. இல்லேன்னா பிரெஞ்சுக்குப் போ, நான் வருத்தப்பட மாட்டேன்."

கிளம்பத் திரும்பினேன். ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருந்தது. "டீச்சர், ஃபிஷ்னா அரபியில என்ன?"

"ஃபிஷ்ஷா?"

"மொத நாள் போன்ல ஹசன் திரும்பத் திரும்ப அதத்தான் சொன்னாரு. எங்கம்மா மீனுன்னு நினைச்சு, அப்பா கடல்ல விழுந்துட்டார்னு அழுதாங்க. முழுசா எனக்கு ஞாபகம் இருக்கு. மத்... மத்காஃபிஷ். அப்படித்தான் கேட்டுச்சு."

டீச்சர் அதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். ஒரு தடவை. இன்னொரு தடவை. திடீரென்று கையால் நெற்றியில் அடித்துக்கொண்டார். "அய்யோ! எகிப்துக்காரங்க வேணாம்னு சொல்றதுக்குக் கடைசியில ஒரு 'ஷ்' சேர்ப்பாங்க. எங்கேயோ ஓரத்துல படிச்சிருக்கேன். எங்க புத்தகத்துல அது 'லா தகாஃபி'. அன்னைக்கு இருந்த பதட்டத்துல எனக்கே தோணல பாரு."

"அப்படின்னா என்ன டீச்சர்?"

"பயப்படாதே."

நான் அந்த மேஜை முன்னால் அப்படியே நின்றேன். முன்பின் தெரியாத ஒரு மனிதர், கால் உடைந்து கட்டிலில் கிடந்துகொண்டு, பயப்படாதே பயப்படாதே என்று எங்களிடம் தொண்டை கிழியச் சொல்லியிருக்கிறார். நாங்கள் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் நடுங்கியிருக்கிறோம். அந்தச் சொல்லை வைத்துத்தான் அப்பாவைக் கடலில் மூழ்கடித்தோம்.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது ஆத்திரம். யார் மேல் என்று சொல்லத் தெரியாத ஆத்திரம். இன்னும் என்னவெல்லாம் சொன்னார், எதையெல்லாம் நான் கேட்காமல் விட்டேன் என்ற ஆத்திரம்.

"என் பேரை எழுதிக்குங்க டீச்சர்" என்றேன். சொல்லும்போதும் பயமாகத்தான் இருந்தது.

கம்பி எடுத்த அன்று

மாமா இரண்டு வாரம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அரபி வகுப்பில் மொத்தமே ஒரு பெஞ்சு நிரம்புகிற அளவுக்குத்தான் ஆள். மற்றப் பெண்கள் மதரஸாவில் ஓதி எழுத்து தெரிந்தவர்கள். நான் வலப்பக்கமிருந்து எழுதுவதற்கே கையைப் பழக்க வேண்டியிருந்தது. அடித்தொண்டை எழுத்து வரும்போதெல்லாம் பழைய பயம் வரும். டீச்சர் அந்த எழுத்தை என்னிடம் கேட்காமல் பக்கத்துப் பெண்ணிடம் கேட்பார். நான் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு இரண்டாவது ஆபரேஷன் முடிந்தது. கேரளத்து நர்ஸ் லீவு முடிந்து திரும்பி வந்து, செய்தியெல்லாம் ஒழுங்காகச் சொல்ல ஆரம்பித்தார். ஆனாலும் அம்மா தினமும் அந்த "ம்ம்"முடன்தான் பேசினாள். நான் அரபி எடுத்த விஷயத்தை அவள் ஒருநாள் அவரிடம் சொன்னாள். அன்று எப்போதும் வருகிற "ம்ம்" வரவில்லை. அம்மா, "லைன்ல இருக்கீங்களா?" என்று கேட்டாள். நீண்ட நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. அது சம்மதமா கோபமா என்று எங்கள் இருவருக்கும் புரியவில்லை. பேச்சு திரும்ப வருமா, வந்தாலும் பழைய பேச்சாக இருக்குமா என்ற பயம் ஏற்கெனவே இருந்தது. அதோடு இதுவும் சேர்ந்துகொண்டது.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நான் பள்ளியிலிருந்து வந்து பையைக்கூட இறக்கவில்லை. அம்மா முற்றத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. அம்மா முறத்தை வைத்துவிட்டு எடுத்து, "ஏங்க" என்றாள். வழக்கம்போல "ம்ம்"முக்காகக் காத்திருந்தாள்.

"யாரக் கேட்டு அவ அரபி எடுத்தா?"

குழறிய, பல்லிடுக்கிலிருந்து வந்த பேச்சு. பாதி எழுத்து காற்றில் போயிற்று. ஆனால் தெருவரைக்கும் கேட்டது.

"அந்த ஊரு பாசை அவளுக்கு எதுக்கு? நான் பட்டது பத்தாதா? நாளைக்கு அவளும் இங்க வந்து கிடக்கணுமா? உங்கண்ணன் என்ன பண்ணிக்கிட்டு இருந்தாரு? ஒரு பொம்பளப் புள்ளைய..."

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்கும் பயம். இத்தனை நாள் வாய்க்குள் கம்பியோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்த பயம். அது வெளியே வந்தபோது திட்டாக வந்தது.

அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டிருந்தாள். கன்னத்தில் கண்ணீர் வழிந்து உளுந்துத் தூசியோடு கலந்து கோடு போட்டது. அப்பா மூச்சு வாங்க நிறுத்தினார். அம்மா சிரித்தாள்.

"இன்னும் திட்டுங்க" என்றாள். "நல்லா சத்தமா திட்டுங்க."